பத்திரிகையின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசையால் தாள் ஒட்டியிருந்தது. 1940-களில் புரோகிதர் இல்லாமல், ஓமம் வளர்க்காமல், மாலை மாற்றி நடந்த கல்யாணம். தாத்தாவின் அண்ணன் பந்தியில் உட்காராமலே போய்விட்டாராம். அவர் கெட்ட மனுஷர் அல்ல. மந்திரம் இல்லாமல் ஒரு பெண்ணைக் கைப்பிடிப்பது தப்பென்று மனசார நம்பினார்.

1960-இல் தாத்தா இறந்தார். அப்பத்தா நிலத்தில் பங்கு கேட்டபோது அதே அண்ணன் சொன்னார்: "உன்னைப் பொண்டாட்டின்னு எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது தாயி."

அவர் சொன்னது பொய்யில்லை. சடங்கும் இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை என்று சொல்லி, இப்படிப் புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் ஒன்றைச் செல்லாது என 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்திருந்தது. எனவே சட்டம் என்றாலே நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை.

எது ஒழுக்கம் என்பதில் ஊரே இரண்டுபட்டுக் கிடக்கும்போது சட்டம் எதற்கு, அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாமே என்கிறார்கள். விட்டுத்தானே பார்த்தோம்! 1928-இல் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்ததிலிருந்து ஏறக்குறைய 40 ஆண்டுகள். நம்பிக்கை இரண்டு பக்கமும் இருந்தது. நட்டம் மட்டும் இப்படிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் பக்கம். பெட்டியடியில் பத்திரிகையைப் பொத்திவைக்க வேண்டிய கட்டாயம் பந்தியை விட்டு எழுந்து போனவருக்கு இல்லையே.

1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, மறு ஆண்டு சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். அந்த 'அல்லது' எனக்கு மிகவும் பிடித்த சொல். தாலி வேண்டுமென்பவருக்கும் வேண்டாமென்பவருக்கும் அதில் இடமிருக்கிறது. புரோகிதரை வைத்துச் செய்பவரை அது தடுக்கவும் இல்லை. எது உயர்ந்த கல்யாணம் என்ற வழக்குக்குள் சட்டம் போகவே இல்லை. இதுவும் கல்யாணம்தான் என்றது. முன்பே நடந்தவையும் செல்லும் என்றது.

பெரிய தாத்தா கடைசிவரை மனம் மாறவில்லை. ஆனால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில், தம்பி பெயரைச் சொல்லி 'அவர் மனைவி' என்று அப்பத்தாவைக் குறித்த பக்கத்தில், அவருடைய கையெழுத்தும் இருக்கிறது.