நாற்காலியை எங்கே வைப்பது?

நண்பர்களே, கண்காணிப்புக்கு ஓர் அருங்காட்சியகம் அமையுங்கள் என்றால் நம் மனம் உடனே ரகசியக் கேமராவைத் தேடிப் போகிறது. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியின் பெர்லின் தலைமையகம் இன்று அருங்காட்சியகம். அங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளிக்குள் ஒரு கேமரா இருக்கிறது. கூட்டம் அதைச் சுற்றித்தான் மொய்க்கும். சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். வடிவமைப்பாளர் தோற்கும் இடம் அதுவே என்பேன். சிரித்தவருக்குத் தன் நினைப்பு வருவதில்லை.

லைப்சிக் நகரில் 'வட்ட மூலை' என்றொரு கட்டடம். 1989 டிசம்பர் 4 அன்று பொதுமக்கள் உள்ளே புகுந்து கைப்பற்றிய ஸ்டாசி அலுவலகம். அதைக் காட்சிக்கூடமாக்கியவர்கள் பழைய லினோலியத் தரையைக்கூட மாற்றவில்லை. உள்ளே போனால் வரி கட்ட வந்த அலுவலகம் போலத்தான் தோன்றும். அச்சமே அதில்தான்.

அங்கே மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில்கள் உண்டு. நம் வீட்டில் மாவடு போட்டு வைப்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. உள்ளே ஊறுகாய் இல்லை, ஒரு துண்டுத் துணி. சந்தேகத்துக்குரியவரை விசாரணைக்கு அழைப்பார்கள். அவர் உட்காரும் இருக்கையில் அந்தத் துணி இருக்கும். பேசி அனுப்பியதும் அதை எடுத்துப் பாட்டிலில் அடைத்துச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். பிறகு எங்காவது அரசுக்கு எதிரான துண்டுப்பிரசுரம் கிடந்தால், மோப்ப நாய்க்கு அந்த வாசம் போதும். உட்கார்ந்து எழுந்தவருக்கு எதுவுமே தெரியாது.

நான் அமைப்பதாக இருந்தால் பாட்டிலை மூலையில் வைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியைப் போடுவேன். கால் வலிக்கிறவர் உட்காரட்டும். இந்த விளக்கம் அவர் எழுந்து திரும்பும்போதுதான் கண்ணில் பட வேண்டும்.

ஸ்டாசி விட்டுச்சென்ற கோப்புகளை வரிசையாக நிறுத்தினால் 111 கிலோமீட்டர். அந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு கோப்பு போதும். 1992 முதல் மக்கள் தம் கோப்பைத் தாமே படிக்க முடிந்தது. தன்னைப் பற்றித் தகவல் கொடுத்தது தன் கணவர்தான் என்று, கோப்பு படிக்கும் மேசை முன் உட்கார்ந்து அறிந்தவர்களும் உண்டு. அந்த மேசை வேண்டும், விளக்கு வேண்டும். வேறு அலங்காரம் வேண்டாம்.

இன்றைய காலத்துக்கு என்ன வைப்பது என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். நுழைவாயிலில் ஒரு நோட்டு வையுங்கள். பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். 'எதற்கு?' என்று கேட்டவர் எத்தனை பேர் என்பதை மட்டும் வெளியேறும் வாசலில் எழுதிவிட்டு, அந்தத் தாள்களை அவர்கள் எதிரிலேயே கிழித்துப் போடுங்கள்.

இந்த அரங்கின் வாசலிலும் ஒரு நோட்டு இருந்ததே, கவனித்தீர்களா? நான் எழுதிவிட்டுத்தான் வந்தேன். எண்ணைக்கூடத் தெளிவாக எழுதினேன்.