போன வாரம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?

நடுவர் அவர்களே, வணக்கம். பெரிய நகரத்துக்கு வருகிற வெளியூர்க்காரர் சாப்பிட நல்ல இடம் தேடும்போது யாரை நம்புவது, உள்ளூர்க்காரரையா, செல்போன் காட்டும் நட்சத்திரத்தையா என்பதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் நட்சத்திரத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டு, இத்தனை பேர் எழுதினால் அது பொய்யாகுமா என்று கேட்டு உட்கார்ந்தார்.

ஆகும் ஐயா. 2017-ல் லண்டனில் ஒருவர், தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று, போய்வந்தவர்கள் விமர்சனம் எழுதும் ட்ரிப்அட்வைசர் இணையதளத்தில் பதிந்தார். சவர நுரையை வைத்து அலங்கரித்ததைப் பதார்த்தம் என்று படம் போட்டார், நண்பர்களை விட்டு ஆஹா ஓஹோ என்று எழுத வைத்தார். சில மாதங்களில் லண்டனிலேயே முதலிடம் அந்தக் கொட்டகைக்கு! அதுவரை அங்கே ஒருவருக்கும் ஒரு தட்டுகூடப் பரிமாறியதில்லை.

எதிரணித் தலைவர், சிறந்த உணவகங்களுக்குக் கொடுக்கிற மிச்செலின் நட்சத்திரத்தையும் இழுத்தார். 1900-ல் ஒரு டயர் கம்பெனி கார் ஓட்டுகிறவர்களுக்குப் போட்ட கையேடுதான் மிச்செலின், அதில் நட்சத்திரம் வந்தது 1926-ல். சரி, அதை எப்படிக் கொடுக்கிறார்கள்? தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாத ஓர் ஆள் நேரில் போய், சாப்பிட்டுப் பார்த்து. அது எங்கள் கட்சி ஐயா!

உள்ளூர்க்காரரும் கமிஷனுக்கு ஆள் பிடிப்பார் என்றார். உண்மைதான், சிலர் பிடிப்பார்கள். ஆனால் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. "நல்ல ஓட்டல் எது?" என்றால், தான் ஒரு நாளும் போகாத பெரிய பெயர் ஒன்றை உங்கள் மரியாதைக்காகச் சொல்லிவிடுவார். "போன வாரம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொல்வார். அப்புறம் அவரே நம்மைக் கேட்க ஆரம்பிப்பார்: கூட வயதானவர்கள் இருக்கிறார்களா, காரம் ஒத்துக்கொள்ளுமா, ரயில் எத்தனை மணிக்கு, மதியம் போனால் சூடாக இருக்கும், ராத்திரி அந்தப் பக்கம் போகாதீர்கள், பழைய சமையல்காரர் நின்றுவிட்டார், இப்போது வாயில் வைக்க முடியவில்லை என்று. சமையல்காரர் போய்விட்டார், அவர் வாங்கிக் கொடுத்த நட்சத்திரம் மட்டும் இன்னும் அங்கேயே மின்னிக்கொண்டிருக்கிறது!

மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்று. இன்று மதியம் எதிரணித் தலைவர் இந்த அரங்கத்துக் காவலாளியிடம் "இங்கே சாப்பாடு எங்கே நல்லாருக்கும்?" என்று கேட்டதை நான் பார்த்தேன். போன் கையில்தான் இருந்தது. சார்ஜ் இல்லை என்பார், சொல்லட்டும்.