மறுகால் பாயும் தெரு

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வெள்ளம் என்றதும் மதுரைக்காரர்களுக்கு வைகையும், யானைக்கல் தரைப்பாலம் மூழ்குவதும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆற்று வெள்ளம் சொல்லிவிட்டு வருவது. வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என அறிவித்த பின்பே உபரிநீரைத் திறப்பார்கள். கரையோர மக்கள் ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்ல அவகாசம் கிடைக்கும். நான் அஞ்சுவது சொல்லாமல் வரும் வெள்ளத்துக்கு.

2024 அக்டோபர் 25 அன்று ஏறத்தாழ 10 செ.மீ. மழை கொட்டியபோது செல்லூர்த் தெருக்களுக்குள் புகுந்தது கண்மாய்த் தண்ணீர். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை என்றால் நான்கு லட்சம் லிட்டர். மண் தரை அதில் ஒரு பங்கைக் குடிக்கும், சிமென்ட் தரை குடிக்காது. நம் முன்னோர் கண்மாய்களைச் சங்கிலியாகக் கோத்திருந்தார்கள். ஒன்று பெருகினால் மிகுநீர் வெளியேறும் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்பும். நாம் கண்மாயில் நீர் தேங்கும் உள்வாயில் வீடு கட்டினோம், அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் சாக்கடையாக்கினோம். எங்கள் பகுதி வாய்க்காலின் சிறுபாலம் ஒன்றில் சென்ற ஆண்டு நான் பார்த்தது: நனைந்து ஊதிய பஞ்சுமெத்தை ஒன்று, அதன்மேல் தெர்மகோல் பெட்டிகள், வாழைமட்டைகள். அந்த ஒரு மெத்தைக்காக மூன்று தெருக்களில் முழங்காலளவு கழிவுநீர் நின்றது. அது வடிந்த பிறகும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வீடுவீடாகச் சுற்றின.

வைகை உடைப்பெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, வந்திக் கிழவிக்குக் கூலியாளாக இறைவனே மண் சுமந்தான் என்பது நம் ஊர்க் கதை. புட்டு விற்றுப் பிழைத்த கிழவியின் பங்குக்குக்கூட விலக்கில்லை என்பதுதான் அதில் என் நெஞ்சைத் தொடுவது.

தண்ணீர் வாசலுக்கு வருமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஓடும் நீரில் பிள்ளைகளை இறக்காதீர்கள். ஓர் அடி ஆழமே ஆளைச் சாய்த்துவிடும். வடிந்த பின் குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கிச் செல்பவர் யார் என்பதை இன்றே முடிவு செய்வோம். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அந்தச் சிறுபாலத்தில் கூடுவோம். சாக்கடைக்குள் ஒருவரும் இறங்க வேண்டாம். கரையோடு நடந்து அடைப்புகளைக் குறித்து, எல்லோரும் கையெழுத்திட்டு, மறுநாளே மாநகராட்சியில் மனுவாகக் கொடுப்போம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்.