விழாத நிழலைப் படம் எடுத்தோம்! தஞ்சைப் பெரிய கோயிலில் யாரும் பார்க்காத கோணம்

[காட்சி: கோயிலின் மேற்குப் பக்கம், காலை வெயில்]

"தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது." பள்ளிச் சுற்றுலாவில் கேட்டிருப்பீர்கள். சித்தப்பா அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியிலும் படித்திருப்பீர்கள். அப்படியானால் இப்போது திரையில் தெரிவது என்ன? கலசம் முதல் அடிவரை, சாட்சாத் அந்த நிழலேதான். தரையெல்லாம் கடந்து, கோயிலைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகையின் தூண்கள் மீது ஏறிக்கொண்டிருக்கிறது!

வணக்கம். தலைப்பில் 'யாரும்' என்று போட்டது கொஞ்சம் அதிகம்தான், மன்னியுங்கள். ஆனால் இந்தக் கோயிலை எல்லோரும் எப்படி எடுக்கிறோம்? வாயில் வழியாக விமானம், அதாவது கருவறை மேல் எழும் கோபுரம். நந்தியோடு விமானம். கலசத்தை இரண்டு விரலால் கிள்ளுவது போல ஒரு செல்பி. உங்கள் மொபைலிலும் இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் இருக்கும், என்னிடம் மூன்றும் இருக்கின்றன.

வரலாறு: முதலாம் ராஜராஜன், 1010ஆம் ஆண்டு, 1987இல் யுனெஸ்கோ பட்டியல். மீதி உங்களுக்கே மனப்பாடம்.

இனி நிழல். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 66 மீட்டர். அடிப்பாகம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர். நடுவிலிருந்து சுவர்வரை 15. மேலே போகப் போகக் குறுகும் வடிவம் அல்லவா? சூரியன் உச்சிக்கு அருகில் இருக்கும்போது கலசத்தின் நிழல் அந்த 15 மீட்டருக்குள்ளேயே, கோயிலின் மேலேயே விழுந்துவிடுகிறது. மார்ச் பாதி முதல் செப்டம்பர் வரை நண்பகலில் வந்து பார்ப்பவருக்கு விமானத்தின் நிழல் அகப்படாது. கதை பிறந்தது இங்கேதான் என்பது என் ஊகம். அதிலும் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், 12.15 மணி அளவில், சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்து நிற்கும். அப்போது உங்கள் நிழலும்தான் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். உங்களை யாராவது கட்டடக்கலை அதிசயம் என்கிறார்களா?

டிசம்பர் கடைசியில் அதே நண்பகலுக்கு வாருங்கள். நிழலின் நீளம் கிட்டத்தட்ட 45 மீட்டர். சுவர்வரை உள்ள 15 போக, 30 மீட்டர் வடக்குப் பக்கத் தரையில் பளிச்சென்று கிடக்கும். சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம் நின்று, விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எடுங்கள். சுற்றியிருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், என்னையும் பார்த்தார்கள். ஒருவர் தோளைத் தட்டி, "தம்பி, கோயில் அந்தப் பக்கம் இருக்கிறது" என்றார்.

[காட்சி: அடிப்பீடத்துக் கல்வெட்டு, மிக அருகில்]

விமானத்துக்கு முதுகு காட்டியாயிற்று. அடுத்து, தலையைக் குனியுங்கள். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களோடு இங்கே வந்தார். விமானத்தை எடுத்தார், சரி. அதோடு அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளையும் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். நாம் மொபைலை இடமிருந்து வலமாக நகர்த்தி எடுக்கிறோமே, அதை அந்த மனிதர் கையாலேயே செய்திருக்கிறார்! இதே டிரைப், வெறுமையாக விழுந்த வானத்தில் மேகங்களை நெகட்டிவிலேயே தீட்டியும் சேர்ப்பார். ஃபில்டர் போடும் பிள்ளைகளை இனித் திட்டாதீர்கள்.

கல்வெட்டை எடுக்க ஒரே ஒரு சூட்சுமம்: வெயில் சுவரை உரசிக்கொண்டு வர வேண்டும். மார்கழி, தை மாதக் காலையில் தெற்குச் சுவர். ஆனியில் வடக்குச் சுவர். ஏழரை மணிக்கு ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் கருப்பு நிழல் நிறைந்து, "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும்" (கோயிலுக்கு நாம் கொடுத்தவையும், அக்கா கொடுத்தவையும்) என்று ராஜராஜனே உரக்கச் சொல்வது போல எழும்பி நிற்கும். பத்து மணிக்கு மேல் போனால் தட்டையான கல்தான்.

தலையாட்டிப் பொம்மையும் வீணைப் பட்டறையும் இந்த வீடியோவில் இல்லை. இந்தச் சுவரை விட்டு என்னால் நகர முடியவில்லை.

ஏப்ரலில் போகிறவர்களுக்கு ஒன்று: செருப்பில்லாமல் நண்பகல் தரையில் நிற்க முடியாது, தடித்த காலுறை எடுத்துப்போங்கள். படத்தை எடுத்ததும் முதலில் சித்தப்பாவுக்கு அனுப்புங்கள், பிறகு கீழே எனக்கும்.