கூப்பிடத்தானே பெயர்

(ரேபீஸ் தடுப்பூசி முகாமின் முடிவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கூட்டத்தில் பாதிப் பேர் நாலு காலில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் வணக்கம்.

செப்டம்பர் 28, ரேபீஸ் தினம், ஊசி இலவசம் என்றதும் காலையிலேயே வரிசை தெருமுனைக்குப் போய்விட்டது. நான் பதிவு மேஜைப் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். செவலை நாய் ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். படிவத்தில் 'பிராணியின் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த பெண், "நாய் பேரு என்ன பாட்டி?" என்று கேட்டார்.

"பேரா? அதுக்கு எதுக்கும்மா பேரு?"

"சரி, எப்படிக் கூப்பிடுவீங்க?"

"டேய்னு கூப்பிடுவேன்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கட்டத்தில் 'டேய்' என்று எழுதிவிட்டார். இன்று என்ன பேசுவது என்று எனக்குப் பிடிபட்டது அப்போதுதான். நாயின் பெயர் ரேஷன் கார்டில் ஏறப்போவதில்லை, கல்யாணப் பத்திரிகையில் அச்சாகப்போவதில்லை. இருட்டில் வரப்பு மேல் நின்று கத்தினால் அதன் காதில் விழ வேண்டும். அதற்கு இருக்கும் ஒரே வேலை அது.

கூப்பிடுவதற்கென்றே தமிழில் ஒரு வேற்றுமை இருக்கிறது. எட்டாம் வேற்றுமை, விளி. பள்ளிக்கூடத்தில் படித்து மறந்திருப்பீர்கள். "இ ஈ ஆகும்" என்கிறது தொல்காப்பியம். இகரத்தில் முடிகிற பெயரைக் கூப்பிட்டால் அந்த இகரம் நீளும். இப்போது நம் தெரு நாய்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். மணி, டாமி, ஜிம்மி, ரோசி, ஜூலி, பப்பி. எல்லாம் இகரம்! மணீ... டாமீ... மூச்சு இருக்கும் மட்டும் இழுக்கலாம். வெள்ளைக்காரன் பெயர்களில் எத்தனையோ இருக்க, டாமியும் ஜிம்மியும் நம் ஊரில் ஒட்டிக்கொண்டதற்கு இந்த இழுப்புதான் காரணம் என்பது என் கட்சி. ராபர்ட் என்று வைத்துக் கூப்பிட்டுப் பாருங்கள், 'ட்'டில் போய் முட்டிக்கொள்ளும். கருப்பன் என்றால் கவலை இல்லை, 'கருப்பா' என்று வாய் நிறைய வரும்.

டைகர் எந்தக் கணக்கு என்று டாக்டர் கேட்கிறார். டாக்டர், டைகரை யாராவது டைகர் என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? 'டைகரூ...'தானே!

கிரேக்க நாட்டில் செனபோன் என்று ஒருவர், சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முந்தியவர். வேட்டைப் பிரியர். நாய்க்குச் சின்னப் பெயராக வையுங்கள், கூப்பிட வசதி என்று எழுதியதோடு, 47 பெயர்களையும் அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவ்வளவு தூரம் போவானேன்? திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. ஏறக்குறைய 1,400 ஆண்டு. எருமைகளை மீட்கப் போய்ச் செத்த ஒரு வீரனுக்கு நட்ட கல். அந்தக் கல்லில் அவனோடு ஒரு நாயும் இருக்கிறது. வெறும் உருவமாக இல்லை, பெயரோடு. 'கோவிவன் என்னும் நாய்' கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். கல்லில் ஓர் எழுத்து வெட்டுவது சும்மா வேலையா? அந்தக் காலத்தில் செத்த எத்தனையோ பெரிய மனிதர்களுக்குக் கிடைக்காத இடம் ஒரு நாய்க்குக் கிடைத்திருக்கிறது. கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டிலும் ஒரு நாய் உண்டு. 10ஆம் நூற்றாண்டு. காட்டுப்பன்றியோடு மோதிச் செத்தது. பெயர் காளி. பாருங்கள், அதுவும் இகரம்தான்.

பாசத்தில் வைக்கும் பெயர் போக, கோபத்தில் வைப்பதும் உண்டு. எங்கள் ஊரில் வரப்புத் தகராறில் ஒருவர் தன் பங்காளியின் பெயரை நாய்க்கு வைத்தார். தினம் சாயங்காலம் வாசலில் நின்று, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "சோறு திங்க வாடா!" பத்து வருஷம் கழித்து ரெண்டு வீட்டுக்கும் சம்பந்தம் ஆகிவிட்டது. நாய் இன்னும் உயிரோடு இருக்கிறது, புதுப் பெயருக்குத் திரும்பியே பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் பாவம், "தோ, தோ" என்றே சமாளித்தார் மனுஷன்.

வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் நாயை அதட்டுவது பெரும்பாலும் இங்கிலீஷில்தான். சிட், கம், நோ. பெயரோ ப்ரூனோ! கூப்பிடுகிறார்களா, வேண்டாம் என்கிறார்களா என்று அது பாட்டுக்கு முழிக்கும். பெயரைச் சொல்லி அடிக்கவும் வேண்டாம். அப்புறம் பெயர் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் வீடு அதை விட்டுவைக்காது என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டில் மகள் சீசர் என்று வைத்தாள். ஒரே மாதத்தில் அம்மாவுக்கு அது சீசப்பா ஆகிவிட்டது. அப்பா தம்பி என்பார். செருப்பு காணாமல் போன நாளிலிருந்து எனக்குத் திருடன். சீசர் என்ற பெயர் தடுப்பூசி அட்டையில் மட்டும் இருக்கிறது. அது எல்லாப் பெயருக்கும் வந்தது. சோற்றுத் தட்டுச் சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் வேகமாக.

டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன். அடுத்து ஊசி போட்டவர்களுக்கு அட்டை கொடுக்கப்போகிறார்கள், மைக்கில் ஒவ்வொரு நாயின் பெயராக வாசிப்பார்கள். நடுவில் 'டேய்' என்று சத்தம் வந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டி, நீங்கள் மட்டும் எழுந்து வாருங்கள்.