இளகிப் போனால் வயிற்றோட்டம்தானா?

(களுவாஞ்சிகுடியில், வீட்டில் நோயாளரைப் பராமரிப்போருக்கு ஒரு தாதிய உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வாட்டில் "இன்றைக்கு வெளிக்குப் போனீங்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஓம், ஓம்" என்றுதான் பதில் வரும். சாப்பாட்டுக் கதையை விலாவாரியாகச் சொல்லும் அம்மா இதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்களுக்கு வேண்டியது எப்போது, எவ்வளவு, எப்படி என்பது. தினமும் போகாவிட்டால் நோய் என்றில்லை. நாளுக்கு மூன்று தடவை போகிறவரும் உண்டு, கிழமைக்கு மூன்று தடவை போகிறவரும் உண்டு. அவரவர் வழமை மாறுகிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பாரிசவாதத்தால் கிடையில் கிடக்கும் ஒரு அம்மம்மா ஐந்தாறு நாளாகப் போகவில்லை. ஒருநாள் விடிய, துணியெல்லாம் தண்ணீராக நனைந்து கிடக்கிறது. வீட்டில் என்ன செய்வோம்? வயிற்றோட்டம் என்று ஃபார்மசிக்கு ஓடி, நிற்பாட்டுகிற குளிசை வாங்கிக் கொடுப்போம். அதுதான் ஆபத்து. வாய்க்காலில் மண் அடைத்தால் தண்ணீர் ஓரத்தால் கசிந்து வருமல்லவா? அதேபோல மலக்குடலில் இறுகிய மலம் அடைத்து நிற்க, மேலே உள்ள இளகிய மலம் அதைச் சுற்றிக் கசிகிறது. குளிசை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். பல நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். விரல் விட்டுப் பார்ப்பதும் எனிமா கொடுப்பதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. சவர்க்காரத் துண்டு செருகும் பழைய கைவைத்தியம் வேண்டாம், அது உள்தோலைப் புண்ணாக்கும்.

மலத்தைப் பார்த்துச் சொல்வதற்கு 1997இல் வெளியான பிரிஸ்டல் அட்டவணை இருக்கிறது. அதில் ஏழு வகை. 1, 2 இறுகியது, 3, 4 நல்லது, 7 வெறும் தண்ணீர். அந்த அம்மம்மாவுக்கு வந்ததும் 7தான். அதனால் கலண்டரில் இலக்கத்தோடு நாளையும் குறியுங்கள், முந்திய நாட்கள் வெறுமையாக இருப்பது அதில்தான் தெரியும்.

வலிக்கு மோர்ஃபின், கொடீன் போன்ற மருந்து குடிப்பவர்களுக்கு மலம் இறுகும். மலமிளக்கியையும் சேர்த்தே தொடங்கவேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். நார்ச்சத்துள்ள குரக்கன், கீரை, பப்பாசி நல்லதுதான். ஆனால் தண்ணீர் போதாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் இன்னும் இறுகும். இருதயம், சிறுநீரக வருத்தக்காரருக்குத் தண்ணீரின் அளவை டொக்டர்தான் சொல்லவேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் தானாக அசையும். அரை மணித்தியாலத்துக்குள் கொமோட் கதிரையில் இருத்தி, காலடியில் சின்ன முக்காலி வையுங்கள். மல்லாக்கப் படுத்தபடி பெட்பேனில் போவது லேசில்லை, நீங்கள் ஒருநாள் முயன்று பாருங்களேன்! மகன்மார் அறையை விட்டு வெளியே நிற்கட்டும். ஒரு சாரத்தையாவது கட்டி மறையுங்கள். வெட்கத்தில் அடக்கி அடக்கியே இறுகிப்போன ஆக்கள் எத்தனையோ பேர்.

இரும்புக் குளிசையாலும் மலம் கறுக்கும். ஆனால் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு கறுப்பாகப் போனாலோ, இரத்தம் கண்டாலோ, வயிறு ஊதி வாந்தியெடுத்துக் காற்றும் பிரியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சரி, கொமோட் கதிரை ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு பேர் முன்னால் வாங்க, கிடையில் உள்ளவரைத் தூக்கி இருத்துவதைச் செய்து காட்டுகிறேன்.