நாவலைப் பாடவிட்டால் தேயாது

நடுவர் ஐயா, கோயில் வீதியில் பாய் விரித்து இருக்கிற அம்மாமார், ஐயாமார், தம்பி தங்கச்சிமார், எல்லாருக்கும் வணக்கம்.

பழம்பெரும் நாவலை இசை நாடகமாக்கினால் நாவல் வாழுமா, தேயுமா என்பது தலைப்பு. தேயும் என்று பேசிய தங்கச்சி மூன்று காரணம் சொன்னார். ஐந்நூறு பக்கத்தை மூன்று மணித்தியாலத்துக்குள் வெட்டிக் குறுக்க வேண்டும். மனதுக்குள் ஓடுவதை மேடையில் காட்ட ஏலாது. பாட்டைக் கேட்டவன் பிறகு புத்தகத்தைத் திறக்க மாட்டான். கடைசிக் காரணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பாட்டைக் கேட்காத சனமெல்லாம் இப்போது புத்தகமா வாசித்துக்கொண்டிருக்கிறது?

சரி, சிரித்தது போதும். மனம் மேடைக்கு வராது என்பதுதான் கனமான காரணம். வால்டர் ஸ்கொட் 1819இல் லாமர்மூர் மணமகளின் கதையை நாவலாக எழுதினார். லூசி என்ற பெண்ணை அவள் விரும்பியவனிடமிருந்து பிரித்து வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். கலியாண இரவிலேயே மாப்பிள்ளையைக் கத்தியால் குத்திவிட்டு, புத்தி பேதலித்து, அறை மூலையில் குந்தியிருக்கிறாள். அந்த இடத்தில் நாவலாசிரியர் அவளுக்குக் கொடுத்தது ஒரேயொரு பேச்சு. உங்கள் அழகு மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்கிற மாதிரி ஓர் ஏளனம், அவ்வளவுதான்.

1835இல் இத்தாலியரான டொனிசெற்றி இதை ஒப்பேரா ஆக்கினார். ஒப்பேரா என்றால் பேச்சும் பாட்டாகவே வருகிற மேற்கத்தைய இசை நாடகம். அதில் இதே பெண் இரத்தம் படிந்த உடையோடு விருந்தாளிகள் நடுவே வருகிறாள். விரும்பியவனோடுதான் கலியாணம் நடக்கிறது என்று நம்பி, கால்மணி நேரமளவு பாடுகிறாள். சுற்றி நிற்பவர்களுக்கு நடந்தது தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளுடைய சந்தோசமும் அவர்களுடைய பயமும் ஒரே நேரத்தில் எங்கள் காதில் விழுகின்றன. அச்சில் ஒரு வரிக்குப் பிறகுதானே அடுத்த வரி வரும்? தங்கச்சி, நாவலாசிரியர் கதவைச் சாத்திய இடத்தில் பாட்டு உள்ளே போயிருக்கிறது.

ரஷ்யாவில் புஷ்கின் செய்யுளில் எழுதிய நாவல் எவ்கேனி ஒனேகின். சைக்கோவ்ஸ்கி அதில் ஏழு காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். தத்தியானா இரவிரவாகக் காதல் கடிதம் எழுதுகிற இடம் நாவலில் எழுதி முடித்த கடிதமாகக் கையில் கிடைக்கிறது. மேடையிலோ அவள் எழுதுகிறாள், கிழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். 1879இல் மொஸ்கோவில் முதன்முதலில் மேடையேற்றியவர்கள் இசைக் கல்லூரி மாணவர்கள். புஷ்கின் கதையைச் சொல்லிக்கொண்டே கதையை நக்கலடிப்பாரே, அந்தக் குரல் பெரும்பாலும் போய்விட்டது. அது நட்டம்தான், மறைக்க மாட்டேன்.

இனி வெட்டிக் குறுக்குகிற கதைக்கு வருகிறேன். மூன்று மணித்தியாலம் என்று கணக்குப் போட்டது யார்? முல்லைத்தீவில் கோவலன் கூத்து விடிய விடிய ஆடிய ஊர்ச்சனம் நாங்கள். சிலப்பதிகாரம் நாவல் இல்லையே என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. இல்லைதான் அண்ணை. ஆனால் நீண்ட கதையைப் பாட்டில் கொண்டுபோவது எப்படி என்று கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவிமாருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. நாவலில் இருபது வருசம் ஓடினால் மேடையில் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். காத்தவராயன் கூத்தைப் பாருங்கள். கதை நாயகன் காத்தான் ஒருவனையே, கதை நகர நகர, ஒருவருக்குப் பின் ஒருவராகப் பலர் ஆடுகிறார்கள். ஆள் மாறிவிட்டதே என்று எந்தக் கிழவியாவது எழுந்து கேட்டதுண்டா?

1973இல் வெளிவந்த பாலமனோகரனின் நிலக்கிளி, தண்ணிமுறிப்புக் காட்டுக் கதை, எங்கள் மண்ணின் நாவல். அதை மத்தளமும் ஆர்மோனியமும் வைத்துப் பாட வேண்டும் என்பது என் ஆசை. கூடாது என்கிற எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வரும்போது, அந்த நாவலில் எந்தப் பக்கத்தைப் பாட முடியாது என்று ஒன்றையாவது வாசித்துக் காட்டட்டும். நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார், இறங்குகிறேன்.